என் கோப்பு யாருடையது?

தனிநபர் தகவல்களையும் அவற்றைச் சேமிக்கும் தரவு மையங்களையும் பொதுவுடைமை ஆக்கிவிட்டால் கண்காணிப்பு பல் பிடுங்கிய பாம்பாகிவிடும் என்றொரு நம்பிக்கை இடதுசாரிகள் சிலரிடம் உண்டு. கிழக்கு ஜெர்மனியை வைத்து இதை யோசிக்கலாம். ஆலை, அச்சகம் என்று பெரும்பாலானவை அங்கே 'மக்கள் உடைமை'. மக்களைப் பற்றிய கோப்புகள் மட்டும் மக்கள் கண்ணில் படக்கூடாது.

ரகசியக் காவல் அமைப்பான ஷ்டாசியின் பெர்லின் தலைமையகத்தில் இந்த முரணைச் சுவரிலேயே பார்க்கலாம். ஆளின் பெயர் ஓர் அட்டையில் (எஃப் 16) இருக்கும். கூடவே ஒரு பதிவு எண். அந்த எண்ணோடு வேறோர் அட்டைத் தொகுப்புக்கு (எஃப் 22) போனால்தான் அது எந்த விவகாரம் என்று தெரியும். உள்ளே வேலை பார்க்கிறவனுக்கே முழுசாகத் தெரியக்கூடாது என்கிற ஏற்பாடு. கணினிகளுக்கென்று செம்புத் தகடு பொதிந்த கூடம் ஒன்றையும் ஆவணக் கட்டடத்தில் அமைத்தார்கள். அலைகள் கசிந்து வெளியே எவனாவது ஒட்டுக்கேட்டுவிடுவானாம். ஊரையே ஒட்டுக்கேட்டவர்களுக்கு வந்த பயத்தைப் பாருங்கள்!

1990 ஜனவரி 15 அன்று, வாசலை அடைக்கச் செங்கல் கொண்டுவாருங்கள் என்று 'புதிய மன்றம்' அழைத்தது. கூட்டமோ உள்ளேயே போய்விட்டது. ஆனால் முக்கியமான சண்டை அதற்குப் பிறகுதான். ஜெர்மன் இணைப்புப் பேச்சில் கோப்புகளை மேற்கின் பொறுப்பில் விடப் பார்த்தார்கள். செப்டம்பரில் மறுபடி ஆக்கிரமிப்பு, உண்ணாவிரதம். "என் கோப்பு எனக்குச் சொந்தம்" என்பது கோஷம்.

1991 டிசம்பரில் வந்த சட்டம் இந்தக் கோஷத்தை அப்படியே ஏற்கவில்லை. அதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. 1992 ஜனவரி 2 முதல் அவரவர் கோப்பை வாசிக்கலாம், நகல் வாங்கலாம். மூலம் அங்கேயே இருக்கும். உளவு சொன்னவனின் நிஜப்பெயரைக் கேட்டுப் பெறலாம். பாதிக்கப்பட்ட பிறரின் விவரங்கள் மறைக்கப்பட்டிருக்கும். ஏனென்றால் என் கோப்பில் அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார், நண்பரின் கடிதம் இருக்கிறது. அது முழுக்க எனக்கே சொந்தமென்றால் அவர்களும் எனக்குச் சொந்தமா? அரசுக்குச் சொந்தமென்றால் பழைய கதைதான். சொத்து என்ற சொல்லே இங்கே உதவாமல் போகிறது. 2002இல் முன்னாள் பிரதமர் ஹெல்முட் கோல், தன்னைப் பற்றிய கோப்புகளை ஆய்வாளர்களிடம் தரக்கூடாதென்று வழக்கில் வென்றபோது இந்தச் சிக்கல் மறுபடி தலைகாட்டியது.

ஃபூக்கோ பேசிய வட்டச் சிறையில் கைதிக்குக் கோபுரமாவது தெரியும். இன்றைய தரவு மையத்தில் ஒருவருடைய பதிவு பல நகல்களாகப் பல ஊர்களில் கிடக்கிறது. செங்கல்லோடு எந்த வாசலுக்குப் போவது? ஷ்டாசிக்கு 111 கிலோமீட்டர் காகிதம் இருந்தது. இடம் பிடித்தது, ஆகவே மாட்டிக்கொண்டது. 2021 ஜூனில் அது கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்குப் போனது. ஆனால் வாசிக்கும் உரிமை அப்படியே நீடிக்கிறது. பெர்லின் கோப்புகளும் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன.