சூடேற்றும் கான்கிரீட் வாகனப் பாதை: ஒரு வரலாறு

குளிர் நாடுகளில் கார் கொட்டகைக்கும் தெருவுக்கும் இடையே போடப்படும் கான்கிரீட் பாதைக்குள் வெந்நீர்க் குழாய்களையோ மின்கம்பிகளையோ பதித்து, மேலே விழும் பனியை உருகச் செய்வதுண்டு. இதுவே சூடேற்றும் வாகனப் பாதை எனப்படுகிறது. விடியுமுன் எழுந்து வாசல் பனியை வாரிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போகும் டொரொண்டோத் தமிழர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தரைக்கு அடியில் சூடு செலுத்துவது பழைய வழக்கம். ரோமானியர் தங்கள் குளியல் கூடங்களின் தளத்துக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டனர். கொரியாவின் ஒண்டோல் வீடுகளில் அடுப்புப் புகை தரைக்கற்களின் கீழே சென்று மறுபக்கம் வெளியேறும். தளத்துக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டும் முறை 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க் அருகே லெவிட்டவுனில் எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளின் கான்கிரீட் தரையில் செப்புக் குழாய்கள் பதிக்கப்பட்டன.

வெளிப்பாதைக்கு முன்னோடியாக அமைந்தது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிளமாத் ஃபால்ஸ். பூமிக்கு அடியில் இயற்கையாகவே வெந்நீர் கிடைக்கும் ஊர் அது. 1948இல் மாநில நெடுஞ்சாலைத் துறை, அங்கே போக்குவரத்து விளக்கை ஒட்டிய சரிவான சாலையில் சுமார் 137 மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய்களைப் பதித்தது. பனியில் வழுக்கும் வண்டிகள் அந்தச் சரிவில் நிற்க முடியாது என்பதை நினைத்தால், இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் புரியும். கிணற்று வெந்நீரை நேரே குழாயில் விடவில்லை. கிணற்றுக்குள் இறக்கிய குழாயில் உறைதடுப்புத் திரவம் கலந்த நீரைச் சுற்றவிட்டு, அதைச் சூடாக்கிச் சாலைக்கு அனுப்பினார்கள்.

ஏறத்தாழ 50 ஆண்டுகள் அது உழைத்தது. பிறகு குழாய்களின் வெளிப்புறம் துருப்பிடித்துக் கசிவு ஏற்பட்டது. லெவிட்டவுனின் செப்புக் குழாய்களிலும் பல இதேபோல் பின்னாளில் ஒழுகத் தொடங்கின. கான்கிரீட்டுக்குள் புதைந்த குழாயின் சிக்கல் இதுதான்: கெட்டால் கண்ணுக்குத் தெரியாது, தளத்தை உடைக்காமல் சரிசெய்யவும் முடியாது. கிளமாத் ஃபால்ஸ் சாலை 1998இல் புதுப்பிக்கப்பட்டபோது இரும்பு கைவிடப்பட்டு, குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் எனப்படும் பெக்ஸ் நெகிழிக் குழாய் இடப்பட்டது. 1960களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான இக்குழாய் துருப்பிடிக்காது, வளைக்கலாம், இடையில் இணைப்பே இல்லாமல் நீளமாகப் பதிக்கலாம். வீட்டுப் பாதைகளுக்கு இம்முறை வந்து சேர இதுவே பெரிதும் வழிவகுத்தது.

இன்று வீட்டில் அமைப்போர் முதலில் சரளைக்கல்லை இடித்து இறுக்குகிறார்கள். அதன்மேல் வெப்பம் மண்ணுக்குள் இறங்காதபடி காப்புப் பலகை, பிறகு கம்பிவலை. வலையோடு குழாயைச் சுமார் ஒரு சாண் இடைவெளியில் வளைத்து வளைத்துக் கட்டுகிறார்கள். கான்கிரீட் ஊற்றுமுன் குழாயில் காற்றை அழுத்தி அடைத்து, ஊற்றி முடியும்வரை அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தொழிலாளியின் மண்வெட்டி பட்டு ஓட்டை விழுந்தால் முள் உடனே இறங்கிக் காட்டிவிடும். அந்த நேரத்தில் கவனியாமல் விட்டால், முன்சொன்ன கதைதான். உருகிய நீருக்கு வடிகாலும் வேண்டும். இல்லையேல் அது பாதை ஓரத்தில் மறுபடி உறைந்து பனிக்கட்டியாகும்.

செலவு அமைப்பதோடு முடிவதில்லை. உள்ளுறை வெப்பக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் "இது எதற்கு சார்?" என்று கேட்ட மாணவர்கள் உண்டு. இதற்குத்தான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். 50 சதுர மீட்டர் பாதையில் 10 செ.மீ. புதுப்பனி விழுந்தால் ஏறக்குறைய 500 கிலோ. அதை உருக்க மட்டும் சுமார் 46 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 46 மணி நேரம் தொடர்ந்து எரிவதற்குச் சமம். காற்றிலும் மண்ணிலும் வீணாவது தனி.

ஆகவே வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியமான கேள்வி. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில், வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் புவிவெப்ப நீரே நடைபாதைப் பனியை உருக்குகிறது. மிச்சிகனில் உள்ள ஹாலண்ட் நகரம் 1988 முதல், மின்நிலையம் வீணாக வெளியேற்றும் வெந்நீரைக் கடைத்தெருவின் அடியில் ஓடவிட்டது. இரண்டிலும் வேலை முடிந்த வெப்பமே பயன்படுகிறது. தனி வீட்டிலோ பெரும்பாலும் பனிக்காகவே எரிவாயுவை எரிக்கவேண்டும்.

கொலராடோவின் ஆஸ்பென் நகரம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வாகனப் பாதை, வெளிப்புற நீச்சல்குளம் போன்றவற்றைச் சூடாக்க வரம்புக்கு மேல் ஆற்றல் செலவிடும் வீடுகள், அதை ஈடுகட்டச் சூரிய மின்தகடு போன்றவற்றை அமைக்கவேண்டும் அல்லது கட்டணம் செலுத்தவேண்டும் என்ற திட்டம் 2000இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஆற்றல் சிக்கனப் பணிகளுக்குச் செலவிடப்படுகிறது.