சீரற்ற வெற்றோட்டம் (தானுந்து)

சீரற்ற வெற்றோட்டம் என்பது தானுந்து நின்ற நிலையில், முடுக்கியை மிதிக்காதபோது, அதன் பொறி ஒரே சீராகச் சுழலாமல் தடுமாறுவதைக் குறிக்கும். பட்டறைகளில் இது "ஐடிலிங் நிற்கவில்லை", "மிஸ்ஸிங்" என்று வழங்கப்படுகிறது. பெட்ரோல் பொறிகளின் வெற்றோட்ட வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 600 முதல் 1000 சுற்றுகள் ஆகும். தடுமாற்றத்துடன் வழக்கமில்லாத மணமும் சேர்ந்தால் பழுதின் இடத்தை ஊகிப்பது எளிதாகும்.

காரணங்கள்

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. வெற்றிடக் குழாயில் விரிசல் இருந்தால் உணரி அளக்காத காற்று உள்ளே புகுந்து இவ்விகிதத்தைக் குலைக்கிறது. வெற்றோட்டத்தில் பொறி இழுக்கும் காற்று மிகக் குறைவு. ஆகவே சிறு கசிவும் அதில் பெரும் பங்காகிவிடுகிறது. வேகம் கூடியதும் தடுமாற்றம் மறைவது இதனாலேயே. தேய்ந்த தீப்பொறிச் செருகி (ஸ்பார்க் பிளக்), பழுதான இக்னிஷன் காயில், ஒழுகும் எரிபொருள் தெளிப்பான், கரி படிந்த திராட்டில் ஆகியனவும் காரணங்களாகலாம்.

மணங்கள்

புகைக்குழாயில் பெட்ரோல் மணம் வீசினால் ஏதோவோர் உருளையில் எரிபொருள் எரியாமல் வெளியேறுகிறது எனலாம். பொறி அறையிலிருந்தே அம்மணம் வந்தால் அது எரிபொருள் கசிவு. வண்டியை உடனே அணைத்துவிட வேண்டும்.

அழுகிய முட்டை மணத்திற்குக் காரணம் ஐதரசன் சல்பைடு. கலவையில் பெட்ரோல் மிகும்போது வினையூக்கி மாற்றியில் இது உருவாகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் நிலை 6 பெட்ரோலில் கந்தக அளவு பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அளவுக்கு மீறி மின்னேற்றப்பட்ட பாட்டரியும் இதே மணத்தைத் தரும் என்பதால் மாற்றியை மட்டும் குறை கூறுதல் தவறு.

இனிப்பான மணம் எத்திலீன் கிளைக்கால் கலந்த குளிர்நீர்மத்தினுடையது. அத்துடன் ஓயாத வெண்புகையும் தடுமாற்றமும் இருப்பின் ஹெட் காஸ்கெட் பழுதை ஐயுறலாம்.

கண்டறிதல்

அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டு முதல் கார்களில் ஓபிடி-2 கட்டாயமாக்கப்பட்டது. இதில் பி0300 என்ற குறியீடு பல உருளைகளில் எரிதல் தவறுவதையும், பி0301 முதல் உருளையில் மட்டும் தவறுவதையும், பி0171 கலவையில் காற்று மிகுந்திருப்பதையும் காட்டும். முதல் உருளையின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்திய பின் பி0302 தோன்றினால் பழுது காயிலில்தான். செருகியை வீணாக மாற்ற வேண்டியதில்லை.

பொறி எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தொடர்ந்து ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் எரிந்து அதனை உருக்கிவிடக்கூடும்.

நச்சு வளிமம்

இப்பழுதுகளின்போது கூடுதலாக வெளிப்படும் கார்பன் மோனாக்சைடிற்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கு ஆபத்தானது. காருக்குள் புகை மணத்துடன் தலைவலி அல்லது மயக்கம் ஏற்பட்டால், உள்ளிருப்போர் உடனே இறங்கித் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும்.