கரும்பலகை கீழே இறங்கிய காலம்

நாட்றம்பள்ளி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாம் எங்கள் வகுப்பில் ஒரே பாயில் உட்காரும். அம்மா ஷூ கம்பெனி பஸ் ஏறிவிட்டால், தம்பியையும் கையோடு கூட்டிவரும் அக்காக்கள் உண்டு. பாடத்தை ஒப்பிக்கச் சொன்னால் ஒரு எழுத்துப் பிசகாது. "ஏன் அப்படி?" என்று கேட்டால் மட்டும் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும்.

பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்துதான் அது மாறியது. அதன் வேர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1972-ல் கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கினார். அந்தச் சிந்தனை மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளிக்குப் போனது. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காகக் கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். எம்.பி. விஜயகுமார் வேலூர் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்ட குழந்தைகளின் பள்ளிகளில் இந்த வழியைக் கையாண்டார். எங்கள் வட்டாரமும் அப்போது சேர்ந்திருந்த, பீடியும் தீப்பெட்டியும் பிள்ளைகளின் விரல்களைத் தின்ற மாவட்டம் அது. அவரே சென்னை மாநகராட்சி ஆணையரானதும் 2003-ல் 13 பள்ளிகளில் அதைத் தொடங்கினார். 2007-ல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது.

கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படி அட்டை, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், வகுப்பைப் பிரித்து உட்காரவைக்கும் ஆறு குழுக்கள் எல்லாம் வந்தன. எனக்குப் பெரிதாகப் பட்டது, பிள்ளையின் கை எட்டும் உயரத்துக்கு வந்த கரும்பலகைதான். ஆளுக்கொரு கட்டம். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில் மனவரைபடம் போடுவோம். ஒருநாள் நடுவில் 'ஆறு' என்று எழுதினேன். ஒரு சிறுமி எழுந்து, "சார், ஆத்துல தண்ணி ஓடும்னு போட்டிருக்கு. பாலாத்துல மணல்தானே இருக்கு?" என்றாள். "அப்போ அது ஆறு இல்லையா?" என்றேன். "ஆறுதான், எங்க தாத்தா அதுல மீன் பிடிச்சிருக்காரு" என்றான் ஒருவன். "தோல் ஷாப்பு தண்ணி கலந்தா மீன் எப்படி இருக்கும்?" என்றாள் இன்னொருத்தி. உருது வீட்டுப் பையன் தமிழில் வார்த்தை தேடித் தேடி, மேலே ஆந்திராவில் அணை கட்டியிருப்பதைச் சொன்னான். அன்று அவர்கள் எழுதிய வாக்கியங்களில் 'ஏனென்றால்' இருந்தது, 'ஆனால்' இருந்தது. எந்த இலக்கணப் பாடத்திலும் அந்தச் சொற்களை அவர்கள் அவ்வளவு உரிமையோடு எடுத்ததில்லை. சொல்ல ஒரு காரணம் இருந்ததால்தான் சொல் வந்தது.

போகப் போக அட்டையை முடித்தார்களா என்று பார்ப்பதே பெரிதாகிவிட்டது. பார்வைக்கு வருகிறவர்கள் ஏணிப்படியில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை. அதற்காக அந்த முறையையே குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது. இப்போது, 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் படிக்கிறார்கள். அரும்பு நிலைப் பிள்ளையிடமும் 'ஏன்' கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள் என்றுதான் இன்றைய இளம் ஆசிரியர்களிடம் சொல்லிவருகிறேன்.