தொடக்ககால யூத இசைத்தட்டுப் பாடகர்கள்: வாழ்க்கை வரலாற்று ஆய்வு

தொடக்ககால யூத இசைத்தட்டுப் பாடகர்கள் என்போர், ஏறத்தாழ 1900 முதல் இரண்டாம் உலகப் போர் வரை ஹீப்ரு, இத்திஷ், லடினோ முதலிய மொழிகளில் பாடி இசைத்தட்டுகளில் பதிவு செய்தவர்கள் ஆவர். இவர்களுள் பெரும்புகழ் பெற்றவர்கள் 'ஹசான்'கள். தொழுகைக்கூடத்தில் வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துபவரே ஹசான். நாடக மேடையிலும் விழாக்களிலும் பாடியவர்களும் பலர் உண்டு. இவர்களின் குரல்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் பலருடைய வாழ்க்கையைச் சிதறிய சான்றுகளிலிருந்தே திரட்ட வேண்டியுள்ளது.

இசைத்தட்டே முதல் சான்று

அக்கால இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடப் பாடலே அடங்கும். 1925 வரை ஒலிவாங்கி இல்லை. பாடகர் பெரிய ஊதுகுழல் ஒன்றின் முன் நின்று பாடினார். தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் பெயரும் பாடலும் இருக்கும். பதிவான ஆண்டு பெரும்பாலும் இருக்காது. அத்தாளை அடுத்துத் தட்டிலேயே பொறிக்கப்பட்ட எண்ணை நிறுவனத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஆண்டைக் கணிக்கின்றனர். ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட் 1990இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பட்டியல் இத்துறையில் முக்கியமானது. 1893 முதல் 1942 வரை அமெரிக்காவில் வெளியான குடியேறிய மக்களின் இசைப்பதிவுகளை அது தொகுத்துத் தருகிறது.

குரலை மதிப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. பழைய தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதியப்படவில்லை. பதிந்ததைவிட அதிக வேகத்தில் சுழற்றினால் சுருதி ஏறிவிடும். பாடகருக்கு இல்லாத உச்சக்குரல் இருந்ததாகத் தோன்றும்.

பெயர்ச் சிக்கல்

ஒரே பெயர் ஹீப்ரு, ரஷ்ய, இலத்தீன் எழுத்துகளில் வெவ்வேறாக எழுதப்பட்டது. சிலர் பெயரையே மாற்றிக்கொண்டனர். பின்ஸ்க் நகரில் பிறந்த பாடகரும் பாடலாசிரியருமான சாலமன் ஷ்முலெவிட்ஸ், அமெரிக்காவில் சாலமன் ஸ்மால் ஆனார். ஹைம் எஃபெண்டி என்ற பெயரில் 'எஃபெண்டி' என்பது குடும்பப் பெயர் அன்று; 'ஐயா' என்பது போன்ற துருக்கிய மரியாதைச் சொல். அவருடைய இயற்பெயர் ஹைம் பெஹார் மெனாஹெம். எடிர்னே நகரில் பிறந்து 1938இல் கெய்ரோவில் மறைந்தார். தட்டில் அச்சான பெயரை மட்டும் வைத்துக் குடிமைப் பதிவேடுகளில் தேடினால் அவர் அகப்பட மாட்டார்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயர்களை மாற்றி எழுதினர் என்று பலரும் நம்புகின்றனர். உண்மையில் பயணிகள் பட்டியல், கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெரும்பாலோர் பிற்காலத்தில் தாமே பெயரை மாற்றிக்கொண்டனர். ஆகவே கப்பல் பட்டியலில் பழைய பெயரையும் குடியுரிமை ஆவணங்களில் புதிய பெயரையும் தேடுவது நல்லது.

குடும்ப நினைவும் பொதுச் சான்றும்

யொசெலே ரோசன்பிளாட் 1882இல் உக்ரைனின் பிலா செர்க்வாவில் பிறந்தார். 1912இல் நியூயார்க் சென்று தொழுகைக்கூடப் பணியேற்றார். 1918இல் சிகாகோ ஓபரா நிறுவனம் ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர் தர முன்வந்தபோது, சமயக் காரணங்களால் மறுத்தார். 1925இல் நொடித்துப்போனார், கடனைத் தீர்க்க இசையரங்குகளில் இடைவிடாது பாடினார். 1927இல் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' படத்தில் தாமாகவே தோன்றிப் பாடினார். 1933இல் எருசலேமில் காலமானார்.

அவருடைய மகன் சாமுவேல் எழுதிய வரலாற்று நூல் 1954இல் வெளிவந்தது. வீட்டுக்குள் நடந்தவற்றை அறிய அதுபோன்ற சான்று வேறில்லை. எனினும் அது தந்தைமீது கொண்ட பாசத்தோடு எழுதப்பட்ட நூல். அதனால் அதன் செய்திகளை அக்கால இத்திஷ் நாளிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. நியூயார்க்கில் 1897இல் தொடங்கிய 'ஃபோர்வெர்ட்ஸ்' அவற்றுள் ஒன்று. அதன் பழைய இதழ்கள் இன்று இணையத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

அழிவுக்குப் பின்

கெர்ஷோன் சிரோட்டா, இசைத்தட்டில் பாடிய முதல் ஹசான்களுள் ஒருவர். புனித வேண்டுதல்களைத் தட்டில் பதிந்து விற்பதா என்ற எதிர்ப்பும் அப்போது எழுந்தது. ஒடெசாவின் புகழ்பெற்ற ஹசான் பின்காஸ் மின்கோவ்ஸ்கி இதைக் கடுமையாகக் கண்டித்தார். சிரோட்டா 1912இல் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் பாடினார். வார்சாவின் பெரிய தொழுகைக்கூடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றி, 1927இல் விலகினார். அமெரிக்காவில் குடியேறாமல் வார்சாவிலேயே வாழ்ந்தார். 1943இல், அந்நகரின் கெட்டோவில் யூதர்கள் நாஜிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த நாட்களில் உயிரிழந்தார். அவ்வாண்டு மே 16ஆம் நாள் அந்தத் தொழுகைக்கூடத்தையும் நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்தனர்.

சிரோட்டாவை நேரில் கேட்ட வார்சா யூதர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அவர்களிடம் இனி எதுவும் கேட்டறிய இயலாது. அவர்கள் கேட்ட குரலோ, பல நாடுகளுக்கு விற்கப்பட்ட தட்டுகளில் தப்பிப் பிழைத்தது. போர்முனைக்கு வெளியே இருந்த வீடுகளிலும் நூலகங்களிலும் இருந்து சேகரிப்பாளர்கள் அவற்றைத் திரட்டினர். அமெரிக்காவின் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அவை எண்ணிம வடிவில் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு தட்டின் எண், ஒரு கப்பல் பட்டியல், ஒரு நாளிதழ் விளம்பரம் ஆகியவை தனித்தனியே சிறு செய்திகள்தாம். மூன்றும் ஒருவரையே சுட்டுகின்றன என்று உறுதியாகும்போது, வெறும் பெயராக நின்றவர் ஊரும் தொழிலும் உறவும் உடைய மனிதராகிறார். கல்லறையோ சந்ததியோ எஞ்சாத பாடகர்களுக்கு இந்த ஆய்வே நினைவுச் சின்னமாக அமைகிறது.