விற்ற ஓய்வூதியம் மீண்ட வரலாறு

மகளின் திருமணம், சொந்தமாக ஒரு கூரை, தீராத பழைய கடன்: பணி ஓய்வு பெறும் நாளில் இந்திய அரசு ஊழியர் முன் வந்து நின்றவை பெரும்பாலும் இவையே. மாதந்தோறும் வரும் சிறு தொகை இவற்றுள் எதனையும் தீர்க்கப் போதாது. ஆகவே, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை அரசிடமே விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டினை அவர்கள் நாடினர். ஏட்டில் இதனை ஓய்வூதியத் தொகுப்பு என்பர். 'கம்யூட்டேஷன்' என்பதே ஓய்வூதியர் நாவில் வழங்கிய சொல். 1951-இல் சேமநிதி தோன்றியது முதல் மொத்தத் தொகையாகப் பெற்றே பழகிய மலேசியத் தொழிலாளர்க்கு இதன் கவர்ச்சியை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வழக்கத்தின் வேர் ஆங்கிலேயர் ஆட்சியில் உள்ளது. 1871-ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் ஓய்வூதியத் தொகுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. விந்தை என்னவெனில், அதே ஆண்டில் இந்தியாவில் பிறந்த ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதியத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பது செல்லாது என்றது. வட்டிக்கடைக்காரரிடம் அடகு வைக்க இயலாத பொருளை, அரசு மட்டும் விலைக்கு வாங்கலாம் என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1925-ஆம் ஆண்டு விதிகளின்படி விண்ணப்பிப்பவர் மருத்துவர் முன் நிற்க வேண்டும். விரைவில் இறக்கக்கூடியவருக்குப் பெருந்தொகை கொடுத்து ஏமாற அரசு விரும்பவில்லை. ஓய்வு பெற்ற ஓராண்டிற்குள் விண்ணப்பிப்போர்க்கு இச்சோதனை வேண்டியதில்லை என்ற சலுகை 1981-ஆம் ஆண்டு விதிகளில் வந்தது. அரசு ஊழியர் பெறும் இத்தொகை முழுவதற்கும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விலக்களித்தது; தனியார் துறையினர்க்கு ஒரு பகுதிக்கே அவ்விலக்கு.

இனிக் கணக்கினைக் காண்போம். 58 வயதில் ஓய்வு பெறும் ஒருவரின் ஓய்வூதியம் மாதம் 600 ரூபாய் எனக் கொள்வோம். மூன்றில் ஒரு பங்கான 200 ரூபாயை அவர் விட்டுக்கொடுக்கிறார். அவ்வயதிற்கு அட்டவணை தரும் எண் 10.46. ஓராண்டுத் தொகையான 2,400 ரூபாயை அதனால் பெருக்கினால் 25,104 ரூபாய் கையில் கிடைக்கும். மாதம் 200 வீதம் பிடித்தால், வட்டியை நீக்கிப் பார்க்குமிடத்து, பத்தரை ஆண்டுகளில் அம்முதல் தீர்ந்துவிடும். ஆனால், பிடித்தம் மட்டும் தீரவில்லை! எண்பது வயது வரை வாழ்ந்தவர்க்கும் 400 ரூபாயே. நீண்ட ஆயுள் ஒரு குற்றமோ என்று முதியோர் கேட்டதில் நியாயம் இருந்தது. அரசின் பக்கமும் ஒரு வாதம் உண்டு: ஓய்வு பெற்ற மறு ஆண்டே ஒருவர் மறைந்தால், கொடுத்த தொகையை அவர் குடும்பத்தாரிடம் திரும்பக் கேட்பதில்லை.

ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அன்று, உழைத்தவரின் உரிமை என்று 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் உடன் நின்ற 'காமன் காஸ்' என்னும் சங்கமே தொகுப்பு விவகாரத்தையும் நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றது. அதனை 1980-இல் தோற்றுவித்தவர், தாமே ஓய்வு பெற்ற அரசு அதிகாரியான எச். டி. ஷௌரி. பன்னிரண்டு ஆண்டுகளில் தொகை ஈடாகிவிடுவதால் அதன்பின் முழு ஓய்வூதியமும் மீள வேண்டும் என்பது மனுதாரர் கோரிக்கை. 1986 டிசம்பர் 9-இல் தீர்ப்பு வந்தது. அரசு ஏற்கும் இடர்ப்பாட்டையும், பல மாநிலங்கள் முன்னரே ஏற்றிருந்த முறையையும் கருதிய நீதிமன்றம் பதினைந்து ஆண்டு என வரையறுத்தது. குடிமைப் பணியினர், படைத்துறையினர் இரு சாராருக்கும் அதுவே அளவு. 1985 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கேட்டது பன்னிரண்டு, கிடைத்தது பதினைந்து. முதுமையில் மூன்று ஆண்டு என்பது சிறு காலமன்று. எனினும், பிடித்தத்திற்கு ஒரு முடிவு உண்டு என்பதே அதுவரை இல்லாத ஒன்று.

1996 சனவரி முதல் நடுவண் அரசு ஊழியர் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை தொகுத்துப் பெறலாயினர். 2008-இல் அட்டவணை திருத்தப்பட்டபோது, அறுபதில் ஓய்வு பெறுபவர்க்கு இருந்த 9.81 என்னும் எண் 8.194 ஆகக் குறைந்தது. கையில் கிடைக்கும் தொகை சுருங்கியது. பிடித்தக் காலமோ பதினைந்தாண்டாகவே நின்றது. கேரள அரசோ தன் ஊழியர்க்கு அதனைப் பன்னிரண்டாக வைத்தது.