காயலான் கடைச் சீட்டுக்கு ஓர் உரை

ஜெயமங்கலத்துத் தம்பி ஒருவருக்கு வடுகபட்டிச் சந்தையில் பூண்டு வியாபாரம். பட்டாளத்துப் பழைய சாமான் சேர்ப்பதில் பித்து. காயலான் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, “வாங்கலாமாண்ணே?” என்று கேட்டார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: “ரெண்டாம் உலகப்போர் பாராசூட். அசல் பட்டு. பை, வார், கொக்கி முழுசா இருக்கு. முத்திரை தெளிவு. குதிக்கவும் ஆகும். விலை பேசித் தீர்த்துக்கலாம்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரை சொல்ல வேண்டியிருக்கிறது.

“ரெண்டாம் உலகப்போர் பாராசூட்.”

எழுதுவதற்குக் காசா பணமா? இந்தியாவில் பாராசூட் படை போர்க்காலத்திலேயே இருந்தது உண்மை. 50-வது பாராசூட் பிரிகேடு 1941 அக்டோபரில் டெல்லியில் உருவானது. கான்பூர் பாராசூட் தொழிற்சாலையும் அதே ஆண்டில் வந்ததுதான். ஆனால் போர் முடிந்ததும் அதை இழுத்து மூடிவிடவில்லை. 2021 முதல் கிளைடர்ஸ் இந்தியா என்ற பெயரில் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நம்மூர்க் கடைக்கு வந்து சேர்வது போருக்குப் பிந்திய சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். பை மேல் அச்சடித்த ஆண்டைப் பார்க்காமல் போரைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது.

பாராசூட் என்றால் எந்தப் பாராசூட் என்பது அடுத்த கேள்வி. கையால் இழுக்கும் உலோகப் பிடி இருந்தால் அது பெரும்பாலும் விமானியுடையது. விமானத்தில் மாட்டி, குதித்ததும் தானாகப் பையைத் திறக்கும் நீண்ட நாடா இருந்தால் பாராசூட் வீரனுடையது. இரண்டும் இல்லாமல், முரட்டுத் துணியும் கயிறும் மட்டும் இருந்தால் மூட்டை இறக்கியது.

“அசல் பட்டு.”

சீட்டிலேயே பெரிய பொய் இதுவாகத்தான் இருக்கும். பளபளவென்று வெள்ளையாக இருந்தால் எல்லாம் பட்டு என்றாகிவிட்டது. ஜப்பான் போரில் இறங்கியதும் பட்டு வரத்து அறுந்தது. 1942 முதல் நைலான் அந்த இடத்துக்கு வந்தது. தையலோரத்தில் பிரிந்து தொங்கும் ஒரே ஒரு நூலை எடுத்து, துணியை விட்டுத் தள்ளிப்போய்க் கொளுத்திப் பார்க்கலாம். மயிர் கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் நைலான். காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. அதையும் மட்டமாக நினைக்க வேண்டாம், மூட்டை இறக்கப் பருத்திப் பாராசூட்டுகள் ஏராளமாகப் பயன்பட்டன.

பட்டு, நைலான், பருத்தி மூன்றையும் விட்டுவிட்டு, நான் தேடச் சொல்வது சணல். பர்மா முனையில் இருந்த 14-வது படைக்கு அரிசி, தோட்டா எல்லாம் வானத்திலிருந்துதான் விழ வேண்டியிருந்தது. பாராசூட்டுகளோ போதவில்லை. தளபதி வில்லியம் ஸ்லிம்மும் அவருடைய வழங்கல் அதிகாரி ஸ்னெல்லிங்கும் கல்கத்தாச் சணல் ஆலைக்காரர்களை நேராகவே அணுகினார்கள். அவர்கள் செய்து கொடுத்ததுதான் ‘பாராஜூட்’. துணி சணல், கயிறும் சணல். சாதாரணப் பாராசூட்டின் உச்சியில் காற்றுப் போக ஓட்டை இருக்கும். இதில் ஓட்டை கிடையாது, நெசவின் இடுக்கு வழியாகவே வேண்டிய காற்று வெளியேறியது. ஆளை இறக்க ஆகாது, மூட்டைக்குப் போதும். வழக்கமான பாராசூட் ஒன்றுக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆனது, இதற்கு ஒரு பவுண்டும் சொச்சமும். திறமையில் 85 சதவீதம் தேறியது என்று ஸ்லிம் 1956-இல் எழுதுகிறார். முறைப்படி மேலிடம் வழியாக வாங்கவில்லை என்று அவருக்குக் கண்டனம் வந்ததையும் சேர்த்தே எழுதுகிறார். எந்தக் காலத்து அலுவலகமும் அலுவலகம்தான்!

லட்சக்கணக்கில் விழுந்த அந்தச் சரக்கு எங்கே போயிருக்கும்? பட்டை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள், சாக்கைக் கிழியும்வரை உழைக்க வைப்பார்கள். அதனால்தான் பட்டை விட அது அரிது. வட்டமாக வெட்டி, ஓரமெங்கும் சம இடைவெளியில் கயிறு தைத்த கோணித்துணி எங்காவது கண்ணில் பட்டால், தம்பி, யோசிக்காமல் எடுத்துவிடு. சாக்கு பார்த்துப் பழகிய உன் கைக்கு அது தானியச் சாக்கு இல்லை என்பது தொட்டதுமே தெரியும்.

“பை, வார், கொக்கி முழுசா இருக்கு.”

முழுசாக இருப்பதுதான் சந்தேகம். போர்க்காலப் பிரிட்டிஷ் எக்ஸ் ரகத்தில் வார்கள் நெஞ்சில் ஒரு வட்ட உலோகப் பெட்டியில் வந்து சேரும். அதைத் திருகி ஒரு தட்டுத் தட்டினால் வார்கள் விடுபடும். அமெரிக்க டி-5 ரகத்தில் அந்தப் பெட்டி கிடையாது, மூன்று கொக்கிகள். 1944 ஜூனில் நார்மண்டியில் வெள்ளம் தேங்கிய நிலங்களில் விழுந்த சிலர் அந்தக் கொக்கிகளைக் கழற்ற முடியாமலே மூழ்கினார்கள். அமெரிக்கருக்கு நெஞ்சில் மாற்றுப் பாராசூட் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பிரிட்டிஷாருக்கு 1950-களில்தான் வந்தது. எனவே போர்க்காலப் பிரிட்டிஷ் வாரோடு நெஞ்சுப் பையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குடையின் விட்டம் 28 அடி என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு ரகத்துக்கும் அதே அளவுதான்.

“முத்திரை தெளிவு.”

கிரீடமும் ஏ.எம். எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகம். குதித்தவன் தரைப்படைச் சிப்பாயாக இருந்தாலும் பாராசூட் விமானப்படைச் சாமான் கணக்கில்தான் வரும். 15ஏ என்று தொடங்கும் எண் பாராசூட் பிரிவுக்கு உரியது. அகன்ற அம்புக்குறி அரசு உடைமை என்பதற்கு. தெளிவாக இருப்பதைக் கண்டு மயங்காமல், மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். பழைய மை நூலுக்குள் இறங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் துணியோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். அழுக்குக்கு மேலே மை உட்கார்ந்திருந்தால் முத்திரை நேற்றையது.

“குதிக்கவும் ஆகும்.”

ஆகாது. வெயில் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே வலுவிழக்கும். வியர்வை பட்ட பட்டும் அப்படியே. சேர்த்து வைப்பதற்கு, சோப்புப் போட்டுத் துவைக்காமல், வெளிச்சமும் ஈரமும் படாமல், அவ்வப்போது மடிப்பை மாற்றி வைத்தால் போதும். ஆடிச் சாரலில் மொட்டைமாடியில் விரித்துப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

“விலை பேசித் தீர்த்துக்கலாம்.”

முதலில் ராணுவ ஏலத்தில் எடுத்ததற்கான காகிதத்தைக் கேள். அது இல்லையென்றால் பேச்சே இல்லை. இருந்தால், நூலைக் கொளுத்திக் காட்டிவிட்டு, நைலானுக்கு என்ன விலை என்று கேள்.