1992: காக்கியும் மலையும்

1992 மே 12 அன்று சந்தோஷ் யாதவ் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இந்திய-திபெத் எல்லைக் காவல் படை அதிகாரி. அடுத்த ஆண்டு மே மாதம், பச்சேந்திரி பால் தலைமையிலான இந்திய-நேபாளப் பெண்கள் குழுவோடு மறுபடியும் ஏறினார். எவரெஸ்ட்டை இருமுறை தொட்ட முதல் பெண் அவர்தான். 2000-இல் பத்மஸ்ரீ.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் தேசியக் கொடியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். எனக்கு முக்கியம் அதற்கு முந்தைய கதை. ஹரியானாவின் ரேவாரி மாவட்டத்தில் ஜோனியாவாஸ் என்றொரு சிற்றூர். ஐந்து ஆண்பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண். நிலபுலன் உள்ள வீடு. ஆகவே படிப்புக்குத் தடையாக இருந்தது வறுமையல்ல. பதினாறு வயதில் கல்யாணம் என்பது ஊர் வழக்கம். முறையான படிப்பில்லாமல் கல்யாணமில்லை என்று சொல்லிவிட்டு தில்லிக்குப் போனார். பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணம் கட்டிக்கொள்கிறேன் என்றதும் பெற்றோர் இறங்கிவந்தார்கள். பிறகு ஜெய்ப்பூர் மகாராணி கல்லூரி. விடுதி அறையிலிருந்து ஆரவல்லி மலை தெரியும். ஊர்க்காரர்கள் அதில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள் தானும் போனார். சேமித்த பணத்தில் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் சேர்ந்தார்.

1992 பயணத்தில் பிராணவாயு இல்லாமல் தவித்த மோகன் சிங்குக்குத் தன்னுடையதைப் பகிர்ந்து உயிர் காத்தார். இறந்துகொண்டிருந்த இன்னொருவரைக் காக்க முயன்றும் முடியவில்லை. சக மனிதரின் மூச்சுக்குப் பொறுப்பேற்பது காவலர் வேலைதானே.

தருமபுரியிலிருந்து இதைப் படிக்கும்போது அந்த ஆண்டைச் சுலபமாகக் கடக்க முடியவில்லை. ஏப்ரலில் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. மே மாதம் சந்தோஷ். ஜூன் 20-இல், எங்கள் மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் வாச்சாத்திக்குள் நுழைந்தன. பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். சந்தோஷுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் ஒரு பெண் காக்கியில் உச்சி தொட்டதால் காக்கியே பெண்களுக்கு நெருக்கமாகிவிட்டது என்ற பேச்சை வாச்சாத்தியில் போய்ப் பேச முடியாது.

சந்தோஷ் இருமுறை ஏறி இறங்க ஓராண்டு ஆனது. வாச்சாத்திப் பெண்கள் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்புக் கேட்க 2011 செப்டம்பர் 29 வரை காத்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அவர்களின் மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று.